பாராகுவாட் போச்சு, பயம் போச்சா?



செலண்டாரிலிருந்து பத்தாங் மலாக்கா பக்கம் போனாலும் சரி, நியாலாஸ், ஜாசின் பக்கம் போனாலும் சரி, ஒரு காலத்தில் பால்மரமாக நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பலர் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். பெரட்டில் நிற்கும் முகங்களும் மாறிவிட்டன; இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மவர்களோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் மரத்தடியில் புல் முளைப்பது மட்டும் நிற்கவில்லை. அந்தப் புல்லைக் கொல்ல முதுகில் பம்பைச் சுமந்து போகிறவர்களும் இல்லாமல் போகவில்லை.

அந்தப் பம்புக்குள் இருப்பதை நாம் 'மருந்து' என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, லாலானைக் கருக்குவதும் மருந்து! மலாய்க்காரர்கள் சுற்றி வளைக்காமல் அதை 'ராச்சுன்', அதாவது விஷம் என்றே சொல்கிறார்கள். "மருந்துதானே, மேலே பட்டா என்னா ஆயிடப் போவுது?" என்ற அலட்சியம் நம்மிடம் வளர்ந்ததற்கு, நாம் வைத்த அந்தப் பெயரும் ஒரு காரணமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்த விஷங்களில் பெயர் பெற்றது பாராகுவாட். 1962-ல் கிராமொக்சோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நமது தோட்டங்களில் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அடித்த சில மணி நேரத்திலேயே புல் வாடிவிடும், விலையும் மலிவு. தோட்ட நிர்வாகங்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அதை அடித்தவர்களின் கதை வேறு. நகம் நிறம் மாறி உரிந்தது. மூக்கில் இரத்தம் வந்தது. தோல் வெந்து புண்ணானது. கண் எரிந்து நீர் கொட்டியது. வாய்வழியே உள்ளே போய்விட்டாலோ, ஒரு வாய் போதும். சிறுநீரகம் கெட்டு, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, மூச்சுக்குத் தவித்துச் சாக வேண்டியதுதான். அதை முறிக்கும் மாற்று மருந்து இன்றுவரை உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

பதினெட்டு வருடத் தடை

இந்தப் பாராகுவாட்டைத் தடை செய்ய நமது நாட்டுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

2002-ஆம் ஆண்டு, ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா அமைப்பும், பூச்சிகொல்லி எதிர்ப்பு இயக்கத்தின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களைக் கண்டு பேசி ஓர் ஆய்வை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதென அரசாங்கம் முடிவு செய்தது. நமது மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2006-ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மறுபடியும் அதே பம்பு, அதே விஷம். முடிவில் 2020 சனவரி 1-ஆம் தேதி முதல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

2002-ல் பிறந்த குழந்தைக்கு 2020-ல் பதினெட்டு வயது! ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிப் படிப்பை முடித்து, வேலைக்குப் போகும் வயது வரைக்கும் நமது தாய்மார்கள் அந்த விஷத்தைச் சுமந்தார்கள்.

வெளிநாடுகளில் நடந்ததையும் பாருங்கள். சுவிட்சர்லாந்து 1989-லேயே பாராகுவாட்டைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் நீதிமன்றமே அதற்கான அனுமதியை ரத்து செய்தது. அப்படியிருந்தும் பிரிட்டனில் உள்ள தொழிற்சாலை, தன் நாட்டு வயலில் அடிக்கக்கூடாத அந்தச் சரக்கைத் தயாரித்து மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமாம்! இலங்கை 2008-க்கும் 2011-க்கும் இடையில் பாராகுவாட்டையும் வேறு இரண்டு கொடிய பூச்சி மருந்துகளையும் படிப்படியாக நிறுத்தியது. அதன் பிறகு அங்கே விஷம் குடித்துச் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. மனம் உடைந்த ஒரு நொடியில் கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருந்தால், அந்த நொடி கடந்து உயிர் தப்புகிறது. தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் விளக்கணைந்த கதை நமக்குத் தெரியாததல்ல. அது வெளியே சொல்லக் கூசும் துக்கம்; ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்போ இனிமே பயமில்லையா?

இங்கேதான் நாம் ஏமாந்துவிடக்கூடாது. "பாராகுவாட்டைத்தான் தடை பண்ணியாச்சே, இப்ப அடிக்கிறது சாது மருந்து" என்று சொல்பவர்கள் உண்டு. தடைக்குப் பிறகு அதன் இடத்தில் அதிகம் பேசப்படுபவை கிளைபோசேட், குளுபோசினேட் போன்றவை. இவை பாராகுவாட் அளவுக்குக் கொடியவை அல்ல என்பது உண்மை. அதற்காகச் சர்பத் ஆகிவிடுமா?

கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் வகைப்படுத்தியது. வேறு பல அரசாங்க அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வாதம் இன்னும் நடக்கிறது. குளுபோசினேட்டை விழுங்கிவிட்டவர் முதல் சில மணி நேரம் நன்றாக எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பிறகு, சில வேளை மறுநாள்கூட, திடீரென்று வலிப்பு வந்து மூச்சு நின்றுபோகக் கூடும். ஆகவே "ஆளு நல்லாத்தானே இருக்காரு, காலையில பாப்போம்" என்று வீட்டில் படுக்க வைப்பது பெரிய ஆபத்து.

2017-ல் இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மாலில் என்ன நடந்தது? பருத்திக் காட்டில் பூச்சி மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிக்கு நடுவே, கையுறையோ முகமூடியோ இல்லாமல், இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். அங்கே மருந்து மட்டும் காரணமல்ல. வேலை நடந்த முறையே ஆளைக் கொன்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "டின்னில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?" என்பதோடு முடிவதில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "மருந்து கலக்கும் இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா?"

ஆசிட்டும் அமோனியாவும்

இது மருந்தடிப்பவர்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல. பால்வெட்டு இன்னும் நடக்கிற இடங்களில், சின்னத் தோட்டக்காரர்களிடம் வெட்டுகிறவர்களின் வீடுகளில், பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் இருக்கும். கட்டி ஆசிட் தோலில் பட்டால் வெந்து கொப்புளித்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சிலர் மலிவு என்று கந்தக ஆசிட் வாங்குகிறார்கள். அது ரப்பரின் தரத்தையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

ஆசிட்டுக்கு ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: முதலில் தண்ணீர், பிறகு ஆசிட். வாளியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிப் பொங்கி முகத்தில் அடிக்கும். கந்தக ஆசிட்டில் இந்த ஆபத்து மிக அதிகம். இடைநிலைப் பள்ளியில் நமது பிள்ளைகளுக்கு அறிவியல் கூடத்தில் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடமும் இதுதான். பிள்ளை அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்வதை, அப்பா வீட்டுப் பின்புறத்தில் வெறுங்கையோடு, வாயில் சிகரெட்டோடு செய்கிறார்!

பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா, ஆவியாக வந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மூடிய இடத்தில் அது கசிந்து ஒருவர் விழுந்துவிட்டால், அவரைத் தூக்க ஓடுகிறவரும் விழுவார். 2019 மார்ச் மாதம் ஜொகூர் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவின் ஆவியால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆவி ஓர் ஊரையே அப்படி ஆட்டிவைத்தது என்றால், ஒரு சின்னக் கொட்டாய்க்குள் என்ன செய்யாது? கதவைத் திற, காற்று வரும் பக்கம் நில், உதவிக்கு ஆள் கூப்பிடு. அதற்குப் பிறகுதான் உள்ளே போவதைப் பற்றி நினைக்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம் நம் கையில்

டாக்டர் வரும்வரை செய்ய வேண்டியதையும், செய்யவே கூடாததையும் இப்போது பார்ப்போம். இதை வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லதே.

உடம்பில் பட்டால்: பட்ட துணியை உடனே கழற்றுங்கள். வெட்கப்படும் நேரம் அதுவல்ல. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மறைவுக்கு ஒரு கைலியை எப்போதும் வைத்திருங்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். புல் மருந்து, பூச்சி மருந்தாக இருந்தால் சோப்பும் போடுங்கள். ஆசிட் பட்ட இடத்தில் சுண்ணாம்பு, சோடா மாவு தடவி முறிக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னாலும் செய்யாதீர்கள், புண் பெரிதாகும். தேங்காயெண்ணெய், பற்பசை, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்!

கண்ணில் பட்டால்: இமையை விரித்துப் பிடித்துப் பதினைந்து முதல் இருபது நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் வடியாதபடி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கசக்கக்கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் கூடவே கூடாது. பிறகு வலி நின்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வாய்க்குள் போனால்: விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பச்சை முட்டை எதையும் புகட்டாதீர்கள். உள்ளே போகும்போது தொண்டையைச் சுட்ட ஆசிட், வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மூச்சில் ஏறினால்: ஆளைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி, இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். பூச்சி மருந்து அடித்தவருக்குக் கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, வியர்த்து, கை கால் நடுங்கினால், அது வெயில் மயக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்ற வேண்டிய விஷம்.

எங்கே போனாலும் மருந்து டின்னையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போங்கள். "ஏதோ புல் மருந்துங்க டாக்டர்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பெயர் தெரிந்தால்தான் சிகிச்சையும் தெரியும். சிவப்புக் கட்டத்துக்குள் மண்டையோடு போட்டிருந்தால் கொல்லும் விஷம். கையும் இரும்பும் அரிக்கப்படுவதுபோல் போட்டிருந்தால் சுட்டுப் பொசுக்கும் சரக்கு. எழுத்துத் தெரியாதவர்களும் இந்தப் படங்களைப் படிக்கலாம். அவசரத்துக்கு 999. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099, பொதுமக்களும் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு: மருந்தடித்த துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ஆசிட்டையும் புல் மருந்தையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது சிராப் தண்ணீர். காலி டின்னைக் கழுவிக் குடிதண்ணீர் பிடிக்கும் பழக்கமும் தொலைய வேண்டும். அதை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.

சட்டம் யார் பக்கம்?

இவ்வளவும் நாம் செய்தாலும், தண்ணீர் இல்லாத காட்டில் கழுவு என்று சொல்வது கேலிப்பேச்சு. ஆகவேதான் அந்தத் தண்ணீர்க் கேள்வியைக் கேட்கச் சொல்கிறோம்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இந்தப் பொறுப்பை முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த இரசாயன விதிகளின்படி, எந்தச் சரக்கு தொழிலாளிக்கு என்ன கெடுதல் செய்யும் என்று முதலாளி மதிப்பீடு செய்ய வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். தேவையான இடத்தில் தன் செலவில் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் அந்த வேலையிலிருந்து மாற்றி வைக்கவும் அதில் இடமுண்டு.

2024 சூன் 1-ஆம் தேதி இந்தச் சட்டத்தின் திருத்தம் நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, முதலாளி அதை நீக்கவும் இல்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. "அது குத்தகைக்காரன் ஆளு, நமக்குத் தெரியாது" என்று கைகழுவவும் முடியாது. வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது திருத்தம். வேலையில் அடிபட்டாலும், தொழிலால் நோய் வந்தாலும் பெர்க்கேசோவில் கேட்க வழியிருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது உண்டு. பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கு இது தெரியாது என்றால், சொல்லிக் கொடுப்பது நமது கடமை. அவர் பம்பில் ஒழுகும் விஷம் நாளை நம் பம்பிலும் ஒழுகும்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டு வருவது யார்? தோழர்களே, தனியாளாகப் போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து, மரியாதையாக, "கங்காணி ஐயா, கலக்குற இடத்துல தண்ணிப் பீப்பாய் வேணும், சோப்பு வேணும், கையுறை கிழிஞ்சு போச்சு மாத்திக் குடுங்க, பம்பு ஒழுகுது" என்று கேளுங்கள். என்றைக்குக் கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதில் வரவில்லையானால் சங்கத்திடம் சொல்லுங்கள். வேலையிடப் பாதுகாப்பு இலாகாவிடமும் போகலாம்.

பாராகுவாட் தானாகப் போகவில்லை. நகம் உரிந்த கையை மறைக்காமல் நீட்டிக் காட்டிய தாய்மார்களால் போனது. பதினெட்டு வருடம் காத்திருந்த அவர்களில் சிலர், தடை வந்த நாளைப் பார்க்காமலே கண்மூடிவிட்டார்கள். ஒரு பீப்பாய் தண்ணீருக்கும் ஒரு கட்டி சோப்புக்கும் நாம் இன்னொரு பதினெட்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலைப் பெரட்டிலேயே கேட்போம்!